பதினைந்தாவது பள்ளம்

விமானம் பழுது பார்க்கும் கொட்டகையில் அவருக்கு எண்ணிப்பார் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. வேலை முடிந்து யாராவது என்ஜின் மூடியைச் சாத்தப் போனால், பக்கத்து விமானத்தின் இறக்கைக்கு அடியிலிருந்து ஒரு குரல் வரும்: "எண்ணிப் பாத்தியா?" எண்ணாதவன் மூடியை மறுபடி திறப்பான். எண்ணியவனும் திறப்பான், சந்தேகம் வந்துவிடும்.

அந்தத் தொழில் அப்படி. என்ஜினுக்குள் ஒரு ஸ்பானர் தங்கிவிட்டால், அது தங்கியது மேலே போன பிறகுதான் தெரியும். அதனால் பெட்டியில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்திலேயே ஃபோமில் பள்ளம் வெட்டியிருக்கும். மேல் அடுக்கு கறுப்பு, கீழ் அடுக்கு மஞ்சள். கருவி அதன் இடத்தில் இல்லையென்றால் பள்ளத்தின் அடியில் மஞ்சள் தெரியும். மஞ்சள் தெரிகிறவரை விமானம் நகராது, உள்ளே யார் உட்கார்ந்திருந்தாலும் சரி. பொதுக் கருவி அறையிலிருந்து ஒன்றை எடுத்தால், தன் எண் பொறித்த பித்தளை வில்லையை அது தொங்கிய ஆணியில் மாட்டிவிட்டு வர வேண்டும். கருவி திரும்பினால் வில்லை திரும்பும். அவருடைய எண் 31.

நாற்பத்தொரு வயதில் அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. கையில் வாங்கியதும் எண்ணினார். கைவிரல் பத்து, கால்விரல் பத்து. "சரியா இருக்கு" என்றார். மனைவிக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்தது.

குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது மனைவியின் விடுப்பு முடிந்தது. அவர் பள்ளி ஆசிரியை. காலையில் போனால் ஒன்றரை மணிக்குத் திரும்புவார். எண்ணிப்பாருக்கு மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் ஷிஃப்ட். இடைப்பட்ட காலைப் பொழுதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அதைக் கேட்டு மனைவியின் அக்கா பெட்டியோடு வந்து இறங்கினார். குழந்தைக்குப் பெரியம்மா. நமக்கும் பெரியம்மாதான்.

நான்கு மணி நேர பஸ் தூரத்தில் அவர் வீடு. அங்கே அறைகள் அதிகம், ஆட்கள் குறைவு. திங்கள் முதல் வெள்ளி வரை குழந்தை தன்னிடம் இருக்கட்டும், சனி ஞாயிறில் வந்து பாருங்கள் என்பது அவர் யோசனை. போன மாதம் இரண்டு நாள் கொண்டுபோய் வைத்துக்கொண்டு திருப்பியும் கொடுத்திருந்தார். நெற்றியில் ஒரு வீக்கம் இருந்தது. கொசு கடித்தது என்றார்.

"தம்பி, நான் குறை சொல்லலை" என்று ஆரம்பித்தார் பெரியம்மா. குறை சொல்லும்போது அவர் அப்படித்தான் ஆரம்பிப்பார். "உங்களை நம்பி ஒரு ப்ளேனையே கொடுக்கலாம். குழந்தையைக் கொடுக்கலாமா?"

"ப்ளேன் இதைவிடப் பெருசு, அண்ணி."

"அதைத்தான் சொல்றேன். அது தொலையாது."

சட்டைகளை மடித்துக்கொண்டிருந்த மனைவி, கடைசிச் சட்டையை மடித்த பிறகு சொன்னார்: "சனிக்கிழமை பாப்பாவுக்கு ஊசி. நீங்க மட்டும் தூக்கிட்டுப் போய்ட்டு வாங்க. நல்லபடியா வந்துட்டா அக்கா தனியா பஸ் ஏறட்டும்."

"இல்லைன்னா?"

மனைவி தொட்டிலைப் பார்த்தார். பதில் அதுதான்.

எண்ணிப்பார் தொட்டிலருகே போய் நின்றார். உள்ளே அவள் தன் காலைப் பிடித்து வாய்க்குள் போட முயன்றுகொண்டிருந்தாள். வாரத்தில் ஐந்து நாள் இந்தக் கால் இங்கே இருக்காது. அவர் நேராகப் போய் அளவு நாடாவை எடுத்தார். "முதல்ல ஒரு பை வேணும்" என்றார்.

புதன்கிழமை அவரும் மனைவியும் கடைக்குப் போனார்கள். அவர் கையில் ஒரு தண்ணீர் கேன். வாசலில் காவலாளி நிறுத்தினார்.

"தண்ணி உள்ள கொண்டு போகக் கூடாது சார்."

"இது தண்ணி இல்லீங்க. குழந்தை."

மனைவி நாலடி தள்ளிப்போய்த் தலையணைகளை ஆராயத் தொடங்கினார்.

குழந்தையின் எடை ஆறு கிலோ எண்ணூறு கிராம். கேனில் அதே எடைக்கு அளந்து ஊற்றியிருந்தார். இடது கையில் அது இருக்கும்போது வலது கை ஒன்றால் திறக்க முடிகிற பைதான் பை என்பது அவர் கட்சி. காவலாளி கடைசிவரை பாதிதான் நம்பினார். ஆனாலும் உள்ளே விட்டார்.

விற்பனைப் பெண் முதலில் கரடி படம் போட்ட ஒன்றைக் காட்டினாள். "இருபத்திரெண்டு பாக்கெட் சார்!"

"எதுல எதை வெச்சோம்னு எப்படிம்மா தெரியும்?"

"அம்மாங்களுக்கு ஞாபகம் இருக்கும் சார்."

"நான் அப்பா."

"அப்பாங்களுக்குன்னே தனியா இருக்கு சார்!" ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். அதே பைதான். கரடியை எடுத்துவிட்டுக் கறுப்புச் சாயம் போட்டு, போருக்குப் போகிறவர் மாட்டுகிற மாதிரி நாலு வார் தைத்து, விலையை ஒன்றரை மடங்கு ஆக்கியிருந்தார்கள். பக்கவாட்டில் ஒரு இரும்பு நாக்கு தொங்கியது.

"இது என்னது?"

"பாட்டில் ஓப்பனர் சார்."

"பால் பாட்டிலுக்குத் திருகு மூடிம்மா."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அது குழந்தைக்கு இல்ல சார்."

எண்ணிப்பார் பையைத் தரையில் நிறுத்தினார். முகம் குப்புற விழுந்தது. மறுபடி நிறுத்தினார். மறுபடி விழுந்தது.

"பை எதுக்கு சார் நிக்கணும்?"

"நான் குழந்தையைப் பிடிச்சுட்டு நிக்கும்போது பையை யாரு பிடிப்பா?"

சட்டைப் பையிலிருந்து டார்ச்சை எடுத்து உள்ளே அடித்தார். உள்துணியும் கறுப்பு. "இதுக்குள்ள ஒரு சாக்ஸ் விழுந்தா அடுத்த பிறவியிலதான் கிடைக்கும்" என்று திருப்பிக் கொடுத்தார். தலையணைப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "அந்தப் பொண்ணு பாவங்க, விட்டுடுங்க."

ஒன்பது பைகள் பார்த்தார். ஒன்றுக்கு ஜிப் இரண்டு கை கேட்டது. ஒன்றின் வார் தோளிலிருந்து வழுக்கிக் கேனை இடித்தது. "பாப்பா தலை" என்று அவர் சொன்னதும் விற்பனைப் பெண்ணே "ஐயோ" என்றாள். கடைசியில் அவர் எடுத்தது குழந்தைப் பகுதியிலேயே இல்லை. கேமராக்காரர்கள் மாட்டுகிற பை. அடிப்பாகம் தட்டை, வைத்த இடத்தில் நின்றது. வாய் மூன்று பக்கமும் பெட்டி மூடிபோல முழுசாகத் திறந்தது. உள்ளே வெளிர் சாம்பல் துணி. கேனை இடது கையில் அணைத்தபடி வலது கையால் ஜிப்பை இழுத்தார். ஒரே குறை, ஜிப்போடு பையும் கூடவே நடந்து வந்தது. அதற்கு வழி வைத்திருந்தார். அடியில் ஒரு வார் வளையம் தைத்து, அதைக் காலால் மிதித்துக்கொண்டால் எங்கே போகும்?

வியாழனும் வெள்ளியும் சாப்பாட்டு மேசை பட்டறையாயிற்று. மேலே கறுப்பு ஃபோம், கீழே மஞ்சள். பதினான்கு பள்ளங்கள். ஒன்று முதல் நாலு வரை சுருட்டிய டயப்பர். ஐந்தில் ஈரத்துடைப்பான் கட்டு, ஆறில் பால் பாட்டில், ஏழில் அதன் மூடி, எட்டில் ஃபிளாஸ்க், ஒன்பதில் பால் பவுடர் டப்பா. மாற்றுடை, துண்டு, விரிப்பு, கிலுகிலுப்பை. பதினாலில் தடுப்பூசி அட்டை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வெள்ளை மையில் எண். மனைவி காப்பியோடு வந்து நின்று பார்த்தார்.

"டயப்பர் போட்டா அந்தப் பள்ளம் காலியாயிடுமே. அப்புறம்?"

"அழுக்கானதை உறையில சுத்தி அதே இடத்துல வைப்பேன். நாலு போனா நாலு வரணும்."

"அது மட்டும் வராமலே இருக்கட்டும்ங்க."

பெரியம்மா தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுப் போனார். குழந்தையின் சட்டைகளைத் தன் பெட்டிப் பக்கமாக மெல்ல நகர்த்தி வைத்திருந்தார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு மருத்துவமனை. தடுப்பூசி அறையில் பத்துப் பன்னிரண்டு நாற்காலிகள், ஒரு எடை மேடை, தடுப்புச் சுவருக்குப் பின்னால் உள்ளறை. எண்ணிப்பார் பையை நிறுத்தினார், நின்றது. ஒரு கையால் திறந்தார், திறந்தது. குழந்தை சரியாக அந்த நேரம் பார்த்து வேலையைக் காட்டினாள். விரிப்பு பன்னிரண்டு, டயப்பர் ஒன்று, துடைப்பான் ஐந்து. இரண்டு நிமிடத்தில் ஆயிற்று. பக்கத்திலிருந்த ஒரு தாய் தன் கணவரை முழங்கையால் இடித்து, "பாத்துக்கோங்க" என்றாள். கணவர் எண்ணிப்பாரைப் பார்த்த பார்வையில் நன்றி இல்லை.

ஊசி போட்டதும் குழந்தை கட்டடம் அதிர அழுதாள். பால், கிலுகிலுப்பை, துண்டு, எதுவும் எடுபடவில்லை. பதினான்கில் பத்து வெளியே கிடந்தன. நர்ஸம்மா கையை நீட்டினார். "கொடுங்க, நான் உள்ள ஒரு சுத்து காட்டிட்டு வரேன். நீங்க கடையைக் கட்டுங்க." அவர் தோளில் ஏறியதும் குழந்தை அழுகையை நிறுத்தினாள். இருவரும் உள்ளறைக்குள் போனார்கள்.

எண்ணிப்பார் கடையைக் கட்டினார். ஒன்று முதல் ஆறு. எட்டு முதல் பதினாலு. நடுவில் ஒரு வட்டம் மஞ்சளாகத் தெரிந்தது.

"ஏழு!" என்றார் சத்தமாக.

"ஏழாம் நம்பர் அப்பவே போயிட்டாங்க சார், இப்ப பன்னெண்டு" என்றார் வரிசையைக் கவனித்துக்கொண்டிருந்த ஒருவர்.

"பாட்டில் மூடிங்க. காணோம்."

முட்டி போட்டார். டார்ச் வந்தது. அறையே காலைத் தூக்கிக்கொண்டது. எடை மேடைக்கு அடியில், குப்பைக் கூடைக்குள், ஒரு பையனின் வாய்க்குள் எல்லாம் தேடினார்கள். "மோதிரமா?" என்று வாசலில் ஒருவர் கேட்டார். "தங்கமாம்" என்றது இன்னொரு குரல். "அது கிடைக்காம யாரும் வெளிய போகக் கூடாது" என்று எண்ணிப்பார் சொன்னபோது, ஆச்சரியம், யாரும் போகவில்லை. அந்தக் குரல் பல விமானங்களை நிறுத்திய குரல்.

கடைசியில் கனத்த உடம்புக்காரர் ஒருவர் தயக்கத்தோடு எழுந்தார். அவர் நாற்காலியில் இருந்தது மூடி. "என்னவோ குத்துச்சு. நாற்காலியே அப்படின்னு நெனச்சேன்" என்றார் பாவமாக.

அறை கை தட்டியது. எண்ணிப்பார் மூடியைக் கழுவித் துடைத்து ஏழில் அழுத்தினார். எங்கும் மஞ்சள் இல்லை. வளையத்தை மிதித்தார், ஜிப்பை இழுத்தார். "எல்லாம் சரி. மூடியாச்சு" என்று வழக்கப்படி வாய்விட்டுச் சொன்னார். பையை முதுகில் மாட்டி, எல்லாருக்கும் கும்பிடு போட்டு, வெளியே நடந்தார். வெயில் இதமாக இருந்தது. உடம்பு லேசாக இருந்தது. இவ்வளவுதானா, இதற்கா பயந்தோம் என்று நினைத்தார்.

பஸ் நிறுத்தத்தில் ஒரு அம்மா அவர் தோளில் இருந்த பால் கறையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எத்தனை மாசம்?"

"ஆறு மாசம் பத்து நாள்" என்றார் பெருமையாக. "இன்னைக்குத்தான் ஊசி போட்டேன். தனியா வந்தேன்."

"கெட்டிக்காரர்தான்." அந்த அம்மா அவர் முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். "குழந்தை எங்கே?"

எண்ணிப்பார் பையை இறக்கினார். நிறுத்தினார். திறந்தார். பதினான்கும் இருந்தன. "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார்.

சொல்லி முடித்தபோதுதான் கை தோளைத் தடவியது. அங்கே கறை மட்டும் இருந்தது.

இருபது வருடப் பழக்கம். வேலை முடிந்தால் கருவிகள் அத்தனையையும் எடுத்துக்கொண்டு வர வேண்டும். விமானத்தை விட்டுவிட்டு வர வேண்டும். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. விமானத்தை விட்டுவிட்டு வந்திருந்தார்.

ஓடினார். பை நிறுத்தத்தில் திறந்தபடி நின்றது. வாழ்க்கையில் அவர் அப்படியே விட்டுவிட்டுப் போன பொருள்கள் அந்தப் பதினான்குதான்.

நர்ஸம்மா வாசலிலேயே நின்றிருந்தார். குழந்தை அவர் அடையாள அட்டையைச் சப்பிக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்து எந்தக் குற்றச்சாட்டும் இல்லாமல் சிரித்தாள்.

"வருவீங்கன்னு தெரியும்" என்றார் நர்ஸம்மா. "மூடிக்கே கட்டடத்தைப் புரட்டினவரு, பாட்டிலுக்குச் சொந்தக்காரியை விட்டுடுவீங்களா?"

எண்ணிப்பார் கையை நீட்டினார். குழந்தையை வாங்கினார். விரல்களை எண்ணினார். அவசரத்தில் ஒருமுறை பதினொன்று வந்தது.

பஸ் நிறுத்தத்தில் பையை அந்த அம்மா காவல் காத்துக்கொண்டிருந்தார். எண்ணிப்பார் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். குழந்தை தூங்கிவிட்டாள். நர்ஸம்மாவை மனைவி பார்க்கப் போவதில்லை. பஸ் நிறுத்தத்து அம்மாவின் பெயர்கூட யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டால் பெரியம்மா தனியாக பஸ் ஏறுவார். மூன்று நிறுத்தம் வரை அந்த எண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார். ஆனால் கொட்டகையில் ஒரு விதி உண்டு. தவறைச் சொன்னவனுக்குத் திட்டு, மறைத்தவனுக்கு வேலை போகும். மறைத்த தவறு சும்மா கிடக்காது, அடுத்த விமானத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

வீட்டு வாசலில் பெரியம்மாவின் பெட்டி தயாராக நின்றது. பக்கத்தில் குழந்தையின் சின்னப் பெட்டியும். "வந்தாச்சா? எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?" என்றார் மனைவி. முகத்தில் அவ்வளவு ஆவல்.

"ஒரு பேப்பர் கொடு" என்றார் எண்ணிப்பார்.

நின்றபடியே எழுதிக் கொடுத்தார். மனைவி வாய்விட்டுப் படித்தார்.

"நடந்தது: குழந்தையை மருத்துவமனையில் விட்டுவிட்டு வந்தேன். நேரம்: ஒன்பது நிமிடம். சேதம்: இல்லை. கண்டுபிடித்தவர்: பஸ் நிறுத்தத்தில் ஒரு அம்மா. காரணம்: பட்டியலில் குழந்தை இல்லை. செய்யும் மாற்றம்: பதினைந்தாவது பள்ளம். குழந்தையை யார் வாங்கினாலும் தங்கள் பொருள் ஒன்றை அதில் வைக்க வேண்டும். குழந்தை திரும்பினால்தான் பொருள் திரும்பும்."

"நான் சொன்னேன்ல?" பெரியம்மா எழுந்தேவிட்டார். "ப்ளேன் தொலையாதுன்னு சொன்னேன்ல? இனி ஒரு பேச்சும் வேண்டாம். பாப்பாவைக் கொடுங்க, மூணு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்."

மனைவி இரண்டாவது முறை மனதுக்குள் படித்தார்.

"இதை ஏன் சொன்னீங்க? சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"அதுக்குத்தான். திங்கக்கிழமை நீ ஸ்கூல்ல நிம்மதியா இருப்ப. அந்த நிம்மதியில ஒரு ஓட்டை இருக்கும், உனக்குத் தெரியாது." குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். "அண்ணி கூட்டிட்டுப் போறதுன்னா போகட்டும். பையும் கூடப் போகட்டும்."

மனைவி குழந்தையின் நெற்றியைத் தடவினார்.

"அக்கா" என்றார் மனைவி. "போன மாசம் இவ நெத்தியில வீங்கியிருந்துச்சே."

"கொசும்மா. அப்பவே சொன்னேனே."

"எவ்வளவு பெரிய கொசு?"

பெரியம்மா கைப்பையின் வாரைச் சரி செய்தார். மறுபடி சரி செய்தார். "கட்டில் ஒண்ணும் அவ்வளவு உயரம் இல்ல" என்றார் கடைசியில். "நீ கவலைப்படுவியேன்னுதான்..."

"இவரும் கவலைப்பட வெச்சாரு. ஆனா எழுதிக் கொடுத்து கவலைப்பட வெச்சாரு." காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "பாப்பா இங்கேயே இருக்கட்டும்க்கா. இந்த ஆளு இனி அவளைத் தவிர வேற எதையாவதுதான் தொலைப்பாரு."

எண்ணிப்பார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஃபோம் கத்தியைத் தேடுவதாகப் பேர்.

பெரியம்மா கோபக்காரர், ஆனால் கோபத்தைக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்தத் தெரியாதவர். போகும்முன் ஒருமுறை தூக்கக் கேட்டார். எண்ணிப்பார் குழந்தையை நீட்டினார். ஆனால் விடவில்லை.

"ஏதாவது வைங்க, அண்ணி."

"என்கிட்டயேவா?"

"உங்ககிட்டதான் முதல்ல."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். அது இல்லாமல் அவருக்குச் சுவரும் கதவும் ஒன்று. குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு, "முகமே தெரியலையே தம்பி, நான் யாரைக் கொஞ்சுறேன்?" என்றார். அன்று எல்லாரும் சிரித்தார்கள். பெரியம்மாவும்தான்.

அந்தச் சட்டம் அப்படியே தங்கிவிட்டது. பக்கத்து வீட்டார் வாசல் சாவியைக் கொடுத்தார்கள். பள்ளியில் சேர்த்த முதல் நாள் வகுப்பு ஆசிரியை என்ன கொடுப்பதென்று தெரியாமல் ஒரு சாக்பீஸ் கொடுத்தார். மணி அடித்ததும் எண்ணிப்பார் அதைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். கல்யாணத்தன்று மாப்பிள்ளையிடம் கை நீட்டினார். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்துத் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "பொருள் இன்னும் திரும்பலையே மாப்ளே" என்று பதில் வந்தது. மகள் பிறந்த வீட்டுக்கு வந்து தங்கும் நாட்களில் மட்டும் கடிகாரம் மாப்பிள்ளை கைக்குப் போகும். அவள் கிளம்பும்போது பள்ளத்துக்குத் திரும்பும்.

இரண்டு மாதத்துக்கு முன் மகள் வந்து பதினாறு நாள் தங்கினாள். மருத்துவமனையில், அப்பாவின் கட்டிலருகே. பதினாறாம் நாள் மத்தியானம், அவர் முகத்தின் மேல் துணியை இழுத்து மூடியபின், ஒரு பணியாளர் தள்ளுவண்டியோடு வந்தார். மகள் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். வண்டி நகரவில்லை. கம்பியை அவள் பிடித்திருந்தாள். இன்னொரு கையை நீட்டினாள்.

"என்னம்மா வேணும்?"

அம்மாதான் சொன்னார். "உன்னோடது ஏதாவது ஒண்ணு கொடுப்பா. எங்க வீட்டுல அப்படி."

பணியாளருக்குப் புரியவில்லை. ஆனாலும் சட்டைப் பையைத் தடவினார். ஒரு நீலப் பேனா இருந்தது. மூடி இல்லை. "இது போதுமாம்மா?"

"போதும்."

மகள் கையை எடுத்தாள். வண்டி நகர்ந்தது.

மறுநாள் பிணவறையிலிருந்து அப்பாவை வாங்கப் போனபோது அந்தப் பணியாளர் இல்லை. ஷிஃப்ட் மாறியிருந்தது. பேனா பதினைந்தாவது பள்ளத்தில் இருக்கிறது. இதுவரை யாரும் கேட்டு வரவில்லை.